படம் மங்கல், புள்ளி, பட்டை, நிறப் பிசகு: எங்கே பார்ப்பது, எப்போது கடைக்குப் போவது

"லென்ஸ் போயிடுச்சு" என்று சர்வீஸுக்கு வருகிற கேமராக்களில் பலவற்றில் லென்ஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எங்கோ ஒரு ஸ்விட்ச் மாறியிருக்கும், ஷட்டர் வேகம் போதாமல் இருந்திருக்கும், அல்லது மலிவான ஃபில்டர் ஒன்று முன்னால் மாட்டியிருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலிலும், செலவு வைக்கிற காரணம் கடைசியிலும் இருக்கிறது. வரிசையைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

தொடங்கும் முன் ஒரு வேலை. கெட்டுப்போன படத்தின் மூலக் கோப்பைக் கணினியில் 100 சதவீத அளவில் திறக்கவும். வாட்ஸ்அப்பில் வந்த பிரதி உதவாது, அது சுருக்கப்பட்டது. படத்தின் எக்ஸிஃப் தகவலில் (கேமரா கோப்புக்குள் எழுதி வைக்கும் விவரம்) இருந்து ஷட்டர் வேகம் (வெளிச்சம் விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப்/ எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்), ஃபோகல் லெங்த் (லென்ஸின் மி.மீ. எண்) நான்கையும் குறித்துக்கொள்ளவும். இந்த நான்கு எண்கள் கையில் இல்லாமல் யார் காரணம் சொன்னாலும் அது ஊகம்தான்.

## 1. படம் மங்கலாக இருக்கிறது

மங்கல் ஐந்து வகை. எந்த வகை என்பது படத்திலேயே தெரியும்.

- எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது, விளக்குப் புள்ளிகள் கோடாகியிருக்கின்றன: 1அ
- சுவர், தூண் கூர்மை; ஆள் மட்டும் கலங்கல்: 1ஆ
- ஆள் மங்கல். அவருக்கு முன்னால் அல்லது பின்னால் ஏதோ ஒன்று கூர்மை: 1இ
- எங்குமே கூர்மை இல்லை, இழுப்பும் இல்லை: 1ஈ
- நடுவில் சரி, ஒரு ஓரம் மட்டும் மங்கல்: 1உ

### 1அ. எல்லாமே இழுபட்டிருக்கிறது: கேமரா அசைந்திருக்கிறது

குறித்து வைத்த ஷட்டர் வேகத்தைப் பார்க்கவும். கையில் பிடித்து எடுக்க, கிராப் சென்சார் கேமராவில் (படம் பதியும் சென்சார் ஃபிலிம் சட்டகத்தைவிடச் சிறியது) ஃபோகல் லெங்த்தை 1.5 ஆல் பெருக்கினால் வரும் எண்ணைவிட வேகம் குறையக் கூடாது. கேனான் கிராப் சென்சாருக்கு 1.6, ஃபிலிம் சட்டக அளவே உள்ள ஃபுல் ஃபிரேமுக்குப் பெருக்கவே வேண்டாம். 50 மி.மீ. லென்ஸுக்கு 1/80, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/320. இது ஃபிலிம் காலத்துக் கணக்கு. 24 மெகாபிக்சல் படத்தை 100 சதவீதத்தில் பார்க்கிறவர்கள் இதை இரட்டிப்பாக்கிக்கொள்வது நல்லது: 1/160, 1/640.

வேகம் குறைவாக இருந்தால் ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவுக்குப் போய் 'குறைந்தபட்ச ஷட்டர் வேகம்' என்பதை 1/250 ஆக வைக்கவும். பல கேமராக்கள் தாமாக விட்டால் 1/60 வரை இறங்கிவிடும். பெரும்பாலானோருக்குப் பிரச்சினை இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

வேகம் போதுமானதாக இருந்தும் அசைவு தெரிந்தால்:

- லென்ஸில் உள்ள நடுக்கம் தடுக்கும் ஸ்விட்ச் பைக்குள் உரசி அணைந்திருக்கலாம். நிகானில் விஆர், கேனானில் ஐஎஸ், சோனியில் ஓஎஸ்எஸ் என்று இருக்கும்.
- பட்டனை ஒரே அழுத்தாக அழுத்துகிறீர்கள். பாதி அழுத்தி, அரை நொடி பொறுத்து, மீதியை அழுத்தவும். அந்த அரை நொடியில்தான் நடுக்கத் தடுப்பு நிலைக்கு வருகிறது.
- டிரைபாடில் வைத்தும் அசைகிறது என்றால் நடுக்கத் தடுப்பை அணைக்கவும். பழைய லென்ஸ்கள் இல்லாத அசைவைத் தேடித் தாமே ஆடும். நடுத்தண்டை முழுக்கக் கீழே இறக்கவும், 2 நொடி டைமர் போடவும். மண்டப மேடை பலகை போட்டதாக இருந்தால் யாராவது நடக்கும்போதெல்லாம் டிரைபாடும் ஆடும். தரையில் இறங்கி எடுப்பதைத் தவிர அதற்கு வழியில்லை.
- 1/4 முதல் 1/60 வரையிலான வேகத்தில் மட்டும் லேசான இரட்டை விளிம்பு தெரிந்தால் கேமராவுக்குள் மேலெழும் கண்ணாடியோ ஷட்டரோ தட்டுகிற அதிர்வு. உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) எடுக்கவும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் 'எலெக்ட்ரானிக் முதல் திரை' என்ற அமைப்பைப் போடவும்.

மேற்சொன்ன எல்லாம் சரி, 1/500 இல்கூட இழுபடுகிறது, லென்ஸுக்குள் கரகரவென்று சத்தம், வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளை) காட்சி துள்ளுகிறது என்றால் நடுக்கத் தடுப்பின் உள்பாகம் பழுது. அதை அணைத்து எடுத்துப் பார்க்கவும். அணைத்ததும் சரியானால் சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். அணைத்தே பயன்படுத்துவதும் ஒரு தீர்வுதான். கிட் லென்ஸுக்கு (கேமராவோடு சேர்த்து விற்கும் லென்ஸ்) பழுதுபார்க்கும் செலவு சில சமயம் பழைய லென்ஸ் ஒன்றின் விலையை எட்டிவிடும்.

### 1ஆ. ஆள் மட்டும் கலங்கல்: ஆள் அசைந்திருக்கிறார்

நடுக்கத் தடுப்பு இங்கே எதையும் செய்யாது. அது உங்கள் கையைத்தான் பார்த்துக்கொள்ளும், எதிரில் இருப்பவரை அல்ல. இதற்கு வேகம் ஒன்றுதான் மருந்து.

உட்கார்ந்து பேசுகிறவருக்கு 1/125. மாலை மாற்றும்போது 1/250. மாமன்மார் மணமக்களைத் தூக்குகிற வழக்கம் உள்ள வீடானால் 1/500. ஓடுகிற குழந்தைக்கு 1/500 முதல் 1/1000. தவில்காரர் கை உறைந்து நிற்க 1/500 வேண்டும். கை சற்றே கலங்கி முகம் கூர்மையாக இருப்பது அழகு என்று நினைத்தால் 1/100 போதும். பரதநாட்டியத்தில் அடவுகளுக்கு 1/500, ஆனால் தீர்மானம் முடிந்து நிற்கிற நொடியில் 1/160 இலேயே கிடைத்துவிடும். வெளிச்சம் குறைந்த சபாவில் ஜதி முடிகிற இடத்தைக் காதால் பிடித்து எடுப்பது, ஒரு ஸ்டாப் (இருமடங்கு வெளிச்சம்) அதிகம் திறக்கும் லென்ஸ் வாங்குவதற்குச் சமம். நாரை சிறகு விரித்து மிதந்தால் 1/1000, மீன்கொத்தி பாய்ந்தால் 1/3200.

வேகத்தைக் கூட்டினால் ஐஎஸ்ஓ ஏறும், புள்ளிபுள்ளியாக நாய்ஸ் வரும். வரட்டும். நாய்ஸை மென்பொருளில் குறைக்கலாம். அசைந்த முகத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஐஎஸ்ஓவுக்குப் பயந்து இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு எடிட்டிங்கில் வெளிச்சம் ஏற்றுவதிலும் லாபம் இல்லை. பழைய சென்சார்களில் அதுதான் அதிக நாய்ஸ் தரும்.

### 1இ. வேறு ஏதோ கூர்மை: ஃபோகஸ் தவறியிருக்கிறது

வரிசையாகப் பார்க்கவும்.

லென்ஸ் ஸ்விட்ச். ஏஎஃப் (தானியங்கி ஃபோகஸ்) இலிருந்து எம்எஃப் (கையால் ஃபோகஸ்) க்கு மாறியிருக்கிறதா?

தூரம். ஒவ்வொரு லென்ஸுக்கும் இதைவிட நெருங்கக் கூடாது என்று ஒரு தூரம் உண்டு. இப்போதைய 18–55 கிட் லென்ஸ்களுக்குச் சுமார் 25 செ.மீ., 50 மி.மீ. எஃப்/1.8 வகைகளுக்கு 35 முதல் 45 செ.மீ. இந்தத் தூரம் லென்ஸின் நுனியிலிருந்து அளப்பதில்லை; கேமராவின் மேற்புறத்தில் வட்டத்தைக் கோடு வெட்டுவது போல ஒரு குறி இருக்கும், சென்சார் அந்த இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து அளக்கவும்.

ஃபோகஸ் புள்ளியை யார் தேர்ந்தெடுத்தது? தானியங்கிப் பரப்பில் விட்டால் பல கேமராக்கள் கிட்டே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். மணவறைப் படங்களில் குத்துவிளக்கும் மாலையும் பளிச்சென்று, மணப்பெண் முகம் மங்கலாக வருவது இதனால்தான். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அருகில் உள்ள கண்ணில் வைக்கவும். மிரர்லெஸ்ஸில் கண் கண்டறியும் வசதி இருந்தால் அதைப் போடவும். கூட்டத்தில் அது பக்கத்து வீட்டு மாமியின் கண்ணைப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவும்.

ஆழம் போதவில்லை. கிராப் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8 இல் திறந்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். கண்ணுக்கு ஃபோகஸ் செய்தால் காது மங்கும். அதே இடத்திலிருந்து எஃப்/4 என்றால் 14 செ.மீ. இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பப் படத்தை எஃப்/1.8 இல் எடுத்துவிட்டு லென்ஸைக் குறை சொல்லக் கூடாது, எஃப்/5.6 அல்லது எஃப்/8 க்குப் போகவும். நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பி எடுக்கிற பழக்கமும் இந்த 6 செ.மீ.யைத் தின்றுவிடும்.

நகரும் ஆளுக்கு நிலை ஃபோகஸ். நடந்து வருகிறவருக்கு ஏஎஃப்-எஸ் அல்லது ஒன்-ஷாட் (ஒருமுறை பிடித்து நிற்கும் ஃபோகஸ்) வைத்திருந்தால், பட்டனை அழுத்தி முடிப்பதற்குள் அவர் ஃபோகஸைத் தாண்டிவிடுவார். ஆளைத் தொடர்ந்து பிடிக்கும் ஏஎஃப்-சி க்கு மாற்றவும். கேனான் டிஎஸ்எல்ஆரில் அதன் பெயர் ஏஐ சர்வோ.

முன்-பின் ஃபோகஸ். மேலே உள்ள ஐந்தும் சரி, அசையாத பொருளிலும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகத் தவறுகிறது என்றால் மட்டும் இங்கே வரவும். இது டிஎஸ்எல்ஆர் நோய். அதில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனி, படம் பதியும் சென்சார் தனி. இரண்டுக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம் இருந்தால் போதும். சோதனை இப்படி:

1. கேமராவை டிரைபாடில் வைத்து, ஃபோகல் லெங்த்தின் 50 மடங்கு தூரத்தில் ஒரு நிறுத்திய அட்டையையும் அதன் பக்கத்தில் 45 டிகிரி சாய்த்த அளவுகோலையும் வைக்கவும். 50 மி.மீ. லென்ஸ் என்றால் இரண்டரை மீட்டர்.
2. அப்பர்ச்சரை முழுக்கத் திறக்கவும்.
3. வியூஃபைண்டர் வழியாக அட்டைக்கு ஃபோகஸ் செய்து 5 படம். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் புதிதாகப் பிடிக்கவும்.
4. அதே போல லைவ் வியூவில் 5 படம்.

இரண்டு தொகுப்பும் ஒரே மாதிரி இருந்தால் கேமராவில் குற்றமில்லை. லைவ் வியூ கூர்மை, வியூஃபைண்டர் மங்கல் என்றால் நோய் உறுதி. இடைநிலை டிஎஸ்எல்ஆர்களின் மெனுவில் ஏஎஃப் நுண்திருத்தம் −20 முதல் +20 வரை இருக்கும். 5 படி தள்ளி மீண்டும் சோதிக்கவும். நிகான் டி3000, டி5000 வரிசைகளிலும் கேனானின் ஆரம்பநிலை உடல்களிலும் இந்த மெனு கிடையாது. அவற்றில் அவசரத்துக்கு லைவ் வியூ, நிரந்தரத்துக்கு சர்வீஸ் சென்டர். கொண்டுபோகும்போது உடலையும் லென்ஸையும் சேர்த்தே கொடுக்கவும், சோதனைப் படங்களையும் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கவும். லென்ஸை மட்டும் கொடுத்தால் "எங்கள் கேமராவில் சரியாக இருக்கிறது" என்று திரும்பி வரும்.

### 1ஈ. எங்குமே கூர்மை இல்லை

முன் கண்ணாடியில் விரல் ரேகை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவும். அடுத்து யுவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதே படத்தை எடுக்கவும். 300 மி.மீ.க்கு மேற்பட்ட டெலி லென்ஸ்களில் மலிவு ஃபில்டர் ஒன்றே கூர்மையைக் கொன்றுவிடும்.

ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ வெளியே வந்தவுடன் எடுத்த படங்கள் மட்டும் பால் படிந்தது போல இருந்தால் நீராவி. கடலோர ஊர்களில் காலை ஷூட்டிங்குக்கு இது தினசரி வழக்கு. துடைக்கத் துடைக்க மறுபடி படியும். வெளியே எடுப்பதற்கு முன் கேமராவை ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி, வெளிச்சூட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் விடவும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவே கூடாது. கழற்றினால் ஈரம் சென்சாரில் படியும்.

நடுப்பகலில் உப்பளம், ஏரி, தார்ச்சாலை இவற்றுக்கு மேலாக டெலி லென்ஸில் எடுத்தது தண்ணீருக்கு அடியில் எடுத்தது போல நெளிந்திருந்தால், அது கானல். எந்த லென்ஸும் அதைத் தாண்டாது. காலை 8 மணிக்குள் எடுக்கவும், அல்லது நெருங்கவும்.

எஃப்/22 இல் எடுத்திருக்கிறீர்களா? 24 மெகாபிக்சல் கிராப் சென்சாரில் எஃப்/11 ஐத் தாண்டினாலே கூர்மை குறையத் தொடங்கும். எஃப்/8 க்கு வந்து மீண்டும் எடுக்கவும்.

இதெல்லாம் இல்லையென்றால் லென்ஸின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும்: பிரிவு 5.

### 1உ. ஒரு ஓரம் மட்டும் மங்கல்

லென்ஸ் கீழே விழுந்திருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி இடம் சாய்ந்திருக்கலாம். ஆனால் முதலில், நீங்கள் சுவருக்கு நேராக நின்றீர்களா என்று உறுதி செய்ய வேண்டும். செங்கல் சுவர் அல்லது விரித்து ஒட்டிய செய்தித்தாளுக்கு முன் டிரைபாடில் வைத்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து ஒரு படம். பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு படம். இரண்டிலும் கோப்பின் அதே ஓரம் மங்கினால் லென்ஸ்தான் காரணம். மங்கல் சுவரின் அதே பகுதியோடு ஒட்டிக்கொண்டு, கோப்பில் எதிர் ஓரத்துக்குப் போனால் நீங்கள் நேராக நிற்கவில்லை.

லென்ஸ்தான் என்றால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. வாங்கி ஒரு வாரம்தான் என்றால் மாற்றிக் கேளுங்கள். இல்லையென்றால் சர்வீஸ் மதிப்பீடு வாங்கிவிட்டு முடிவெடுங்கள்.

## 2. படத்தில் புள்ளிகள்

### எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி

சென்சார் தூசு. லென்ஸின் முன்னால் இருக்கும் தூசு புள்ளியாகப் பதியாது, அதைத் துடைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் தெரிந்து படத்தில் தெரியாத தூசு கண்ணாடியிலோ ஃபோகஸிங் ஸ்கிரீனிலோ இருப்பது. அதைத் தொடவே தொடாதீர்கள். படத்துக்குத் தொல்லை இல்லை, தொட்டால் கீறும்.

சோதனை: ஐஎஸ்ஓ 100, எஃப்/16, மேனுவல் ஃபோகஸில் வேண்டுமென்றே கலைத்து, வெள்ளைச் சுவரை எடுக்கவும். எடுக்கும்போது கேமராவை மெல்ல அசைத்தால் சுவரின் கறைகள் கரைந்து தூசு மட்டும் நிற்கும். எஃப்/2.8 இல் எடுத்தால் அதே தூசு மறைந்துபோகும்.

சுத்தம் செய்யும் வரிசை:

1. மெனுவில் உள்ள தானியங்கி சென்சார் கிளீனிங், மூன்று நான்கு முறை.
2. ப்ளோயர் (அழுத்தினால் காற்று ஊதும் ரப்பர் பந்து). பேட்டரி முழுதாக இருக்க வேண்டும். டிஎஸ்எல்ஆரில் 'கையால் சுத்தம் செய்தல்' மெனுவால் கண்ணாடியைத் தூக்கி, கேமராவின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து, ப்ளோயர் நுனி உள்ளே நுழையாமல் பத்துமுறை ஊதவும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். கணினிக்கு அடிக்கும் அழுத்தக் காற்று டப்பாவும் கூடாது. அதன் திரவம் சென்சார் மேல் படிந்துவிடும்.
3. அப்படியும் போகாதது ஒட்டிய தூசு அல்லது எண்ணெய். எண்ணெய் என்றால் புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியும். கிராப் சென்சாருக்கு 16 மி.மீ., ஃபுல் ஃபிரேமுக்கு 24 மி.மீ. ஸ்வாப் (சென்சார் துடைக்கும் குச்சி) வாங்கி, இரண்டு சொட்டுத் திரவம் விட்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே இழுப்பு; திருப்பி மறு பக்கத்தால் ஒரே இழுப்பு. அந்த ஸ்வாப் அவ்வளவுதான், குப்பைக்கு. இரண்டாம் முறை பயன்படுத்தினால் எடுத்த தூசாலேயே கீறுவீர்கள்.

தூசைத் தேட ஒரு குறிப்பு: படத்தின் மேல் இடது மூலையில் தெரியும் புள்ளி, நீங்கள் சென்சாரை நேரே பார்க்கும்போது கீழ் இடது மூலையில் இருக்கும். மேல் கீழ் மாறும். இடம் வலம் மாறாது.

இரண்டு ஸ்வாபுக்குப் பிறகும் புள்ளி அப்படியே இருந்தால் நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொடுக்கவும். கை நடுங்குகிறவர்கள் மூன்றாம் படிக்கே போக வேண்டாம். ஏற்கெனவே எடுத்த படங்களுக்கு லைட்ரூம், டார்க்டேபிள் போன்ற படம் திருத்தும் மென்பொருளில் ஒரு படத்தில் புள்ளிகளை அகற்றி, அந்தத் திருத்தத்தை அதே நாளின் மற்றப் படங்களுக்கு ஒட்டிக்கொள்ளலாம்; வானம் என்றால் பிசகாது, முகத்தின் மேல் விழுகிற புள்ளியைத் தனியாகப் பார்க்கவும்.

### சிவப்பு, நீலம், பச்சையாகக் கூர்மையான சின்னப் புள்ளி

நீண்ட எக்ஸ்போஷரில் மட்டும் வந்தால் ஹாட் பிக்சல். கேமரா சூடேற ஏற எண்ணிக்கை கூடும். நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் குறைப்பைப் போட்டால் போய்விடும். 30 நொடிப் படத்துக்கு இன்னொரு 30 நொடி காத்திருக்க வேண்டும். சில கேமராக்களின் மெனுவில் பிக்சல் மேப்பிங் உண்டு, இருந்தால் ஓட்டவும். சாதாரணப் பகல் படத்தின் ஜேபெக்கிலும் நிரந்தரமாகத் தெரிந்தால் சர்வீஸ். வாரன்டி இருக்கும்போதே கேட்பது நல்லது.

### ஃபிளாஷ் போட்டால் வெண்மையான வட்டங்கள்

பேய் இல்லை. லென்ஸுக்கு முன்னால் மிதக்கிற தூசு, மழைத்துளி, சாம்பிராணிப் புகை. உள்ளமைந்த ஃபிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் வருவது. ஃபிளாஷை அணைக்கவும் அல்லது தனி ஃபிளாஷைக் கேமராவிலிருந்து தள்ளிப் பிடிக்கவும்.

## 3. படத்தில் பட்டைகள்

### எல்இடி, டியூப்லைட் வெளிச்சத்தில் வரிவரியாக

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் ஓடும் மலிவு விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 இல் வைத்தால் ஒவ்வொரு படமும் முழுத் துடிப்பை வாங்கிக்கொள்ளும், பட்டை போய்விடும். கனடா, அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே 1/60 அல்லது 1/125.

வேகம் வேண்டும், 1/100 போதாது என்றால்:

- சைலன்ட் ஷட்டர் போட்டிருக்கிறதா? எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாக மெதுவாகப் படிப்பதால் பட்டைகள் அப்பட்டமாக விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றவும். முகூர்த்த நேரத்தில் சத்தம் கேட்காமல் எடுக்க நினைத்து மொத்த மாங்கல்யதாரணத்தையும் வரிக்குதிரை ஆக்கிவிடுவது சகஜம்.
- ஆன்டி-ஃபிளிக்கர் ஷூட்டிங் இருந்தால் போடவும். விளக்கு உச்சத்தில் இருக்கும் நொடிக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். தொடர்ச்சியாக எடுக்கும் வேகம் சற்றுக் குறையும்.
- மேடையின் எல்இடி திரைக்கு இந்த 100 கணக்கு பொருந்தாது, அது வேறு வேகத்தில் துடிக்கும். மெக்கானிக்கல் ஷட்டரில் 1/60, 1/80, 1/100, 1/125 என்று நான்கு சோதனைப் படம் எடுத்து, பட்டை குறைவாக விழுகிற வேகத்தில் நிற்கவும். நிகழ்ச்சி தொடங்கும் முன் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதும்.

விழுந்துவிட்ட பட்டையை எடிட்டிங்கில் முழுதாக நீக்குவது பெரும்பாலும் வீண் உழைப்பு. முக்கியமான படமானால் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்க்கவும். நிறப் பட்டையாவது போகும். வெளிச்சப் பட்டைக்கு நேர்கோட்டு மாஸ்க் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஒரு படத்துக்கு அரைமணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

### ஃபிளாஷ் போட்டால் கீழே அல்லது மேலே கறுப்புப் பட்டை

ஷட்டர் வேகம் ஃபிளாஷ் ஒத்திசைவை (ஃபிளாஷோடு சேர்ந்து இயங்கும் உச்ச வேகம்) தாண்டிவிட்டது. கேமராவைப் பொறுத்து எல்லை 1/160 முதல் 1/250. அதற்குக் கீழே இறக்கவும், அல்லது ஃபிளாஷில் ஹைஸ்பீடு சிங்க் போடவும். கீழே அரைவட்டமாக நிழல் விழுந்தால் அது லென்ஸ் ஹூடின் நிழல், ஹூடைக் கழற்றவும்.

### ஃபிளாஷும் இல்லை, விளக்கும் இல்லை, வேகமாக எடுத்தால் பாதி இருட்டு

பகல் வானத்தை 1/500, 1/1000, 1/2000, 1/4000 என்று வரிசையாக, வெளிச்சத்தைச் சமன்செய்து எடுக்கவும். வேகம் கூடக் கூட ஒரு பக்கம் இருட்டினால் ஷட்டர் இதழ்கள் தேய்ந்துவிட்டன. இதில் வீட்டு வைத்தியம் கிடையாது. இதழ்களை விரலால் தொட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டர் சுமார் 1,00,000 முறைக்கு வடிவமைக்கப்பட்டது. அதை நெருங்கிய பழைய உடலுக்கு ஷட்டர் மாற்றும் செலவையும் பழைய கேமரா விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும்.

## 4. நிறம் சரியில்லை

### திரையில் நன்றாக இருந்தது, பிரின்ட் இருட்டாக வந்தது

திரையின் வெளிச்சம் அதிகம். இரவில் முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்தால் படத்தை இருட்டாக்கித்தான் அனுப்புவீர்கள். வழக்கமான அறை விளக்கில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒத்துவரும் வரை வெளிச்சத்தைக் குறைக்கவும். முதலில் பார்க்கவே மந்தமாகத் தெரியும். பத்து நிமிடத்தில் பழகிவிடும். கண்ணுக்கு இதமான மஞ்சள் வெளிச்சம், நைட் மோட் எல்லாம் அணைந்திருக்கின்றனவா என்பதையும் பார்க்கவும்.

### பிரின்ட்டிலோ போனிலோ நிறம் சோகை பிடித்தது போல

கோப்பு அடோபி ஆர்ஜிபி என்ற நிற வெளியில் (நிறங்களை எழுதும் முறை) இருக்கிறது. ஏற்றுமதி செய்யும்போது பொதுவான நிற வெளியான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றவும். ஃபோட்டோஷாப்பில் 'கன்வெர்ட் டு புரொஃபைல்' தான் சரி. 'அசைன் புரொஃபைல்' போட்டால் நிறம் இன்னும் கெடும். வேறு ஏதும் கேட்காத வரை கலர் லேபுக்கு எஸ்ஆர்ஜிபி ஜேபெக் கொடுங்கள். 12×18 அங்குலத்துக்கு 300 டிபிஐ என்றால் 3600×5400 பிக்சல். வெட்டியபின் 2400×3600 க்குக் கீழே போனால் அந்த அளவு பிரின்ட் வேண்டாம்.

பெரிய பிரின்ட் போடும் முன் அதே கோப்பை 4×6 இல் ஒன்று போட்டுப் பார்க்கவும். அந்தச் சிறு படமும் பிசகி, திரையை மேற்சொன்னபடி சரிசெய்த பிறகும் பிசகினால்தான் கலரிமீட்டர் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) வாங்குவதையோ வாடகைக்கு எடுப்பதையோ யோசிக்க வேண்டும். இலக்கு: 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா.

### முகம் மஞ்சளாக, பச்சையாக, நீலமாக

ரா கோப்பு (சென்சார் பதிந்த திருத்தப்படாத தரவு) இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, வெள்ளைச் சமநிலையை எடிட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வெள்ளை இடத்தைக் காட்டும் துளிகாட்டியை (ஐட்ராப்பர்) எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கைக்கு எட்டிய வெள்ளை என்று வேட்டியில் வைத்தால் முகம் மஞ்சளாகிவிடும். சொட்டுநீலம் போட்டு வெளுத்த வேட்டி உண்மையில் நீலச்சாயல் கொண்டது, சலவைத்தூளில் இருக்கும் பிரகாசமூட்டியும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு விளக்கு மாறும் இடத்திலும் சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து அதில் வைக்கவும்.

ஜன்னல் வெயில் ஒரு பக்கம், டியூப்லைட் மறுபக்கம் என்றால் எந்த ஒரே எண்ணும் இரண்டையும் சரிசெய்யாது. டியூப்லைட்டை அணைக்கச் சொல்வதுதான் மலிவான வழி. முடியாவிட்டால் முகத்துக்குச் சரிசெய்து, மற்றப் பகுதிக்கு மாஸ்க் போட்டுத் தனியே நிறம் மாற்றவும்.

நீல, ஊதா மேடை விளக்கில் முகம் தட்டையாக, விவரமே இல்லாமல் இருந்தால் நீல சேனல் மட்டும் வெந்துபோயிருக்கிறது. வெளிச்ச ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) இதைக் காட்டாது. சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை வைத்துப் பார்த்து, எக்ஸ்போஷர் திருத்தத்தை −0.7 முதல் −1 வரை குறைத்து எடுக்கவும்.

## 5. லென்ஸுக்குள் வலைப்பின்னல்

லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரைத் திறந்து, பின்பக்கம் போன் டார்ச்சை அடித்து முன்பக்கமிருந்து சாய்வாகப் பார்க்கவும். சிதறிய தூசு எல்லா லென்ஸிலும் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். சிலந்தி வலை போலவோ பனிப்பூ போலவோ கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. ஒட்டுமொத்தமாகப் பால்பூத்தது போல என்றால் உள்பூச்சு அல்லது எண்ணெய் ஆவி.

பூஞ்சை கண்ட லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். வெயிலில் காயவைத்தால் வளர்ச்சி மட்டுப்படலாம். படிந்த தடம் போகாது. வீட்டில் பிரிக்க வேண்டாம். ஓரத்தில் இரண்டு இழை, படத்தில் தெரியவில்லை என்றால் உலர வைத்துக் கண்காணித்தால் போதும். எதிர் வெளிச்சத்தில் படம் வெளுக்கத் தொடங்கினால் தாமதிக்காமல் சர்வீஸ்: பூஞ்சை வெளியேற்றும் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால், சுத்தம் செய்த பிறகும் தழும்பு நிற்கும். முன், பின் கண்ணாடியில் என்றால் வேலை சுலபம். ஒட்டிய இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் என்றால் பெரும்பாலும் அந்தப் பாகத்தையே மாற்றச் சொல்வார்கள். கிட் லென்ஸுக்கு அது கட்டாது.

வராமல் தடுக்க தோல் உறையும் மர அலமாரியும் கூடாது. ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா, ஒரு சிறு ஈரப்பதமானி, சிலிக்கா ஜெல். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். 30 க்குக் கீழே போனால் உள்ளிருக்கும் கிரீஸும் ரப்பரும் காயும். நீலம் இளஞ்சிவப்பாக மாறிய ஜெல் குடித்து முடித்துவிட்டது. அவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து நிறம் திரும்பியதும் மறுபடி போடலாம். சமையல் பாத்திரத்தில் வேண்டாம். மூன்று நான்கு லென்ஸ் சேர்ந்துவிட்டால் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கும் ட்ரை கேபினெட் வீண் செலவல்ல.

## 6. கார்டில் படம் தெரியவில்லை

அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். 'ஃபார்மேட் செய்யவா' என்று கேமரா கேட்டால் வேண்டாம் என்று சொல்லிக் கார்டை வெளியே எடுக்கவும். பக்கவாட்டுப் பூட்டு நகர்ந்திருக்கிறதா, வேறு ரீடரில், வேறு கணினியில் தெரிகிறதா என்று பார்க்கவும். கணினி கார்டை அடையாளம் கண்டு, கோப்புகள் மட்டும் காணவில்லை என்றால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் மீட்கலாம். மீட்பவற்றைக் கணினியின் வட்டில் சேமிக்கவும், அதே கார்டில் அல்ல. கோப்புப் பெயர்கள் போய்விடும், படங்கள் வரும்.

கணினி கார்டையே காணவில்லை, கார்டு சுடுகிறது, அல்லது விரிசல் என்றால் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள். படம் முக்கியமென்றால் தரவு மீட்பு நிலையத்துக்குக் கொடுக்கவும். திறக்கும் முன் மதிப்பீடு எழுத்தில் வாங்கவும். மீண்டு வந்த கார்டை எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் பார்க்கவும்: 128 ஜிபி என்று அச்சடித்த போலிக் கார்டு உண்மைக் கொள்ளளவைத் தாண்டியதும் பொய் சொல்லத் தொடங்குவது இதில் பிடிபடும். தேறாததை உடைத்துப் போடவும். பையிலேயே விட்டால் அடுத்த கல்யாணத்தில் அதுதான் கைக்கு வரும்.